சொந்த ஊர் எது?

வாடகைக்கு விடலாம் என்று வீடு கட்டக் கிளம்பியிருக்கும் புண்ணியவான்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கம்பி எந்தக் கம்பெனி, தொட்டி எத்தனை லிட்டர், மீட்டர் தனியா பொதுவா, படி உள்ளேயா வெளியேயா என்று ஊரெல்லாம் அலைந்து விசாரிக்கிறீர்களே, உங்கள் வீட்டில் குடியிருப்பவன் செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாளாவது யோசித்ததுண்டா? இருக்காது. ஃப்ளோரன்ஸ் யோசித்தவள். கூரை போடுவதற்கு முன்பே யோசித்து, முடிவும் எடுத்து, மாதா மேல் ஆணையும் இட்டவள். அவளுக்கே இந்தக் கதி என்றால் உங்களையும் என்னையும் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஃப்ளோரன்ஸும் அவள் புருஷன் இக்னேஷியஸும் ராயபுரத்தில் வாடகைக்குத்தான் இருந்தார்கள். அவனுக்கு ஹார்பரில் வேலை. அவளுக்கு இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கும். கோயில் மணி கேட்கும் தூரத்தில், ஒரே குழாய்க்கு ஏழெட்டுக் குடித்தனம் சண்டை போடும் வரிசை வீடு அது. குடி வந்த அன்று அந்த வீட்டு ஓனர் மற்றதெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "சொந்த ஊரு எது?" என்று கேட்டார். இக்னேஷியஸ் சிரித்தான். "இதாங்க. ராயபுரம். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்கதான்." அந்த மனிதர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஏன் என்று அப்போது இவர்களுக்குப் புரியவில்லை.

வாடகைக்கு வீடு தேடிய எல்லாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பீர்கள். சாதி தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அதற்கும்தான் கேட்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. நீ செத்தால் உன்னை எங்கே கொண்டுபோவார்கள்? சொந்த ஊர் உள்ளவன் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்கு வண்டி ஏற்றிவிடலாம். ஊர் இல்லாதவன் பிணம் இந்த வாசலில்தான் வந்து இறங்கும். பிணம் இறங்கிய போர்ஷனுக்கு அப்புறம் எவன் குடிவருவான்?

திருவொற்றியூரில் அரை கிரவுண்ட் வாங்கி, இக்னேஷியஸின் ரிட்டயர்மென்ட் பணத்தையும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக் கடனையும் போட்டு இவர்கள் கட்டிய வீடு கூரை மட்டத்துக்கு வந்த சமயம், அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் பிணமாகத்தான் திரும்பினான். திரும்பினான் என்பதுகூடத் தப்பு. ராயபுரத்து ஓனர் கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். கெட்டவார்த்தை ஒன்று பேசவில்லை. கைகூப்பியபடியே சொன்னார்.

"உங்க ஜனம் நெறைய வருவாங்கம்மா. இங்க இடம் பத்தாது. ரோட்டோரமா வெச்சிக்குங்க, கோயிலும் பக்கம், உங்களுக்குத்தான் சௌகரியம்."

ஐப்பசி மழை. சாக்கடை ஓரத்தில் ஷாமியானா போட்டு, டீக்கடையிலிருந்து கரண்ட் இழுத்து, ஃப்ரீசர் பெட்டியை வைத்தார்கள். ஷாமியானா ஒழுகியது. பெட்டியின் கண்ணாடி மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட, உள்ளே இருக்கிறவனுக்கு நனையாது என்று தெரிந்தும், ஃப்ளோரன்ஸ் அவன் முகத்துக்கு நேரே குடை பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். ஒரு நாயை ஓட்டுகிறமாதிரி ஓட்டிட்டானே பாவி என்று வயிறு எரிந்தது. அங்கேதான் ஆணை இட்டாள். நான் கட்டுற வீட்டில் எவன் செத்தாலும் அவன் வாசலுக்குள்ளேதான் கிடப்பான், மாதாவே நீ சாட்சி என்று.

வீடு முடிந்தது. பின்கட்டில் அவள், வாடகைக்குக் கீழே முன்பக்கம் ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன். இரண்டு வாடகையும் ஒழுங்காக வந்தால் ஃபைனான்ஸ்காரன் வாயை அடைக்கலாம். ஒன்று நின்றாலும் தலைக்குமேல் போய்விடும். குடி வைக்க வந்த புரோக்கர் டில்லிபாபு, காலடிப்பேட்டைக்காரன், வாயில் பாக்கோடு படியில் குந்திக்கொண்டு பாடம் நடத்தினான்.

"யக்கா, கட்றது பெர்சில்ல. வுடறதுலதான் மேட்டரே கீது. பதினோரு மாசத்துக்கு மேல அக்ரிமெண்ட் போடாத, போட்டா ரிஜிஸ்டர் அதுஇதுன்னு பேஜாரு. ஆளுக்கு ஒரு மீட்டரு வெய்யி. மோட்டர் சுச்சு உன் கைலயே இருக்கட்டும், அவங்ககைல குட்த்தா தொட்டி ரொம்பித் தெருவுல ஓடும். அட்வான்ஸத் தொடாத, காலி பண்றன்னிக்கி எண்ணிக் குடுக்கணும். டெனண்ட் கைல ஒண்ணியும் வாங்கித் துன்னாத, துன்னா அப்பால வாய் தொறக்க முடியாது."

எல்லாம் தங்கமான யோசனை. வீடு வைத்திருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டில்லிபாபு பாக்கைத் துப்பிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னான்.

"வயசானதுங்க, நோவு நொடின்னு யாரனா இருந்தா சொந்த ஊரு எதுன்னு கேளு யக்கா. ஊரு இருந்தா வுடு. இல்லன்னா, வேற ஒர்த்தரு கேட்டுவெச்சிகீறாங்கன்னு சொல்லிக் கதவ சாத்து."

"மத்த எல்லாம் கேக்கறேன் டில்லி. அத்த மட்டும் நான் கேக்கமாட்டேன்" என்றாள் ஃப்ளோரன்ஸ். ஏன் என்றும் சொன்னாள். குடை பிடித்த கதையைக் கேட்டுவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். "உன் வூடு, உன் இஸ்டம்."

மாடிக்கு வந்தவன் முப்பிடாதி. தெற்கத்திக்காரன், மணலியில் டேங்கர் லாரி ஆபீசில் வேலை, புதுசாகக் கல்யாணம் ஆனவன். கீழ் போர்ஷனுக்கு வந்தவர்கள் பொன்னுரங்கமும் அவன் பெண்சாதி பவானியும். எண்ணூர்க் குப்பத்துக்காரர்கள், பிள்ளை குட்டி இல்லை. மழை வெள்ளத்தோடு கம்பெனிக் கழிவு எண்ணெயும் குப்பத்துக்குள் வந்த அந்த வருஷம் அவர்கள் வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்பு ஏறி, எத்தனை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. வலையும் போச்சு, படகு எஞ்சினும் போச்சு. அந்த வாடையிலேயே கிடந்ததில் பொன்னுரங்கத்துக்கு மூச்சு இழுத்தது. வீட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஃப்ளோரன்ஸ் எத்தனை பேர் என்று கேட்டாள், தண்ணீர் எப்போது வரும் என்று சொன்னாள். ஊர் எது என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில் அவளுக்கு ஒரு பெருமை, சொல்லி மாளாது!

பவானி மீன் விற்கிறவள். மதியம் கூடை காலியாகித் திரும்பும்போது நாலு வஞ்சிரத் துண்டோ, கை நிறைய கெளுத்தியோ இலையில் சுற்றிக் கொண்டுவந்து பின்கட்டு ஜன்னலில் வைப்பாள். "ஏன்டி இதெல்லாம்?" என்று ஃப்ளோரன்ஸ் கேட்பாள். "துன்னு யக்கா, நீ இன்னா வெளியாளா?" டில்லிபாபு சொன்னது ஞாபகம் வரும். வந்தால் என்ன, மீன் குழம்பு கொதிக்கும் வாசனைக்கு முன்னால் அந்த ஞாபகம் எவ்வளவு நேரம் நிற்கும்? தின்றாள். ருசித்துத் தின்றாள். பொன்னுரங்கம் வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே முப்பிடாதியைக் கிண்டல் செய்வான், டேங்கர்க்காரன் வந்தா வூடே நாறுது என்று. ஒரு வருஷம் அந்த வீட்டில் நன்றாகத்தான் போனது.

அப்புறம் பொன்னுரங்கம் படுத்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். தெருமுனை ஆட்டோக்காரன் பிலால்தான் கொண்டுவந்து இறக்கினான். ஃப்ளோரன்ஸ் தன் கட்டிலைக் கொடுத்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நான் இருக்கிறவரைக்கும் உங்களை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று பவானியின் கையைப் பிடித்துச் சொன்னாள். நிஜமாகத்தான் சொன்னாள், சத்தியமாக நடிப்பு இல்லை.

முதலில் மாடியிலிருந்து இறங்கி வந்தவன் முப்பிடாதி. நல்ல பையன். தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினான்.

"தப்பா நெனச்சுக்கிடாதிய அக்கா. என் வீட்டுக்காரிக்கு நெறமாசம். மாமியா தெனமும் போன் போட்டு அழுதாவ. கீழ ஒரு சாவு விழுந்தா புள்ளத்தாச்சி அந்தப் படியில ஏறி எறங்கலாமான்னு கேக்காவ. ஒண்ணாந்தேதிக்குள்ள ஒரு வழி சொல்லுங்க. இல்லன்னா நாங்க வேற வீடு பாத்துக்கிடுதோம்."

அடுத்து டில்லிபாபு. "யக்கா, நீ நல்லவ. ஒத்துக்கறேன். ஆனா அவன் உள்ள செத்தான்னு வெய்யி, கீழ் போர்ஷனுக்கு ஒரு வருசம் ஆள் வராது. மேல கீறவனும் பூடுவான். ஃபைனான்ஸ்காரன் நீ நல்லவன்னு பாப்பானா? பக்கத்துத் தெருவுல நோட்டீசு ஒட்னான் பாரு, அந்தப் பொம்பள இப்ப எங்க கீது தெரியுமா? மக வூட்டு வராண்டாவுல."

ஃப்ளோரன்ஸுக்கு மகளும் இல்லை, வராண்டாவும் இல்லை. இந்த வீட்டை விட்டால் மறுபடி எங்கேயாவது ஒரு வாடகை அறைதான். அங்கே ஒருவன் நின்று, சொந்த ஊர் எது என்று கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். சாமியாரிடம் கேட்கலாம் என்று நினைத்தாள், கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா? திரும்பி வந்து முக்காட்டுத் துணியைக்கூட எடுக்காமல் கீழ் போர்ஷன் வாசலில் நின்றாள். பவானி புருஷன் நெஞ்சுக்குச் சூடு ஒத்திக்கொண்டிருந்தாள்.

"பவானி, உன் கொயுந்தன் வூடு கடலாண்டதானே கீது?"

"ஆமாக்கா."

"இல்ல… இங்க காத்தே இல்ல. அங்கன்னா நல்லா காத்து வரும். உங்க ஜனமும் சுத்தி இருப்பாங்க. அவருக்கும் சௌகரியமா இருக்கும்னு…"

சௌகரியம் என்ற வார்த்தை வாயை விட்டு வந்தபோதுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. கைகூட கூப்பினமாதிரிதான் இருந்தது, பூசைக்குப் போன கை. சீ என்று இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

பவானி ஒத்தடத் துணியை மடித்தாள். "இன்னும் ரெண்டு நாளுகூடத் தாங்காதுக்கா. அசைக்காதீங்கன்னு டாக்டரு சொன்னாரு."

மாடியில் முப்பிடாதியின் பெண்சாதி எதையோ இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. பவானி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கத்தியிருக்கலாம், என் மீனைத் தின்ன வாய்தானே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஃப்ளோரன்ஸ் அப்போதே காலில் விழுந்திருப்பாள்.

"சரிக்கா" என்றாள் பவானி.

கட்டிலில் கிடந்த பொன்னுரங்கத்துக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. "சட்டய குடு" என்றான். எதற்கு, போர்வை போர்த்திக்கொண்டு போகலாம் என்று பவானி சொல்லியும் கேட்கவில்லை. சட்டையைப் போட்டு, பித்தானையும் போடச் சொன்னான். பிலாலும் முப்பிடாதியும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் எவரும் சொல்வதுபோல, பழக்கதோஷத்தில், அவன் ஃப்ளோரன்ஸைப் பார்த்துச் சொன்னான்.

"வரேன்க்கா."

"போய்ட்டு வாங்க" என்றாள் அவள். வேறு என்ன சொல்வாள்?

எண்ணூர் ரோடு எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்பர் கேட் வரைக்கும் கன்டெய்னர் லாரி வரிசை, ஒன்றின் முதுகில் ஒன்று, எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர்கள் கீழே இறங்கிச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டோ நடுவில் மாட்டிக்கொண்டது. பிலால் ஹாரன் அடித்தான், இறங்கிப்போய்க் கெஞ்சினான், எவனையோ கெட்டவார்த்தை சொல்லித் திட்டினான். அவன் திரும்பி வந்து உட்கார்ந்தபோது பின்சீட்டில் பவானி சொன்னாள், "அவசரமில்லண்ணே. மெதுவாவே போ."

சாயங்காலம் பிலால் வந்து இதைச் சொல்லிவிட்டு, ஆட்டோ வாடகை வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டான். ஃப்ளோரன்ஸ் சாவுக்குப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பின்கட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். யாருக்காக உருட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

காரியம் முடிந்து பவானி வந்து சாமானை எடுத்துக்கொண்டு, தரையைக் கழுவிவிட்டு, சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். மீன் வைக்கும் அதே ஜன்னல்.

அத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, செய்த பாவத்துக்குப் பலனாவது மிஞ்சியது என்று இருந்திருக்கலாம். அதுவும் இல்லை! தெருவில் பேச்சு வேறுமாதிரி கிளம்பியது. ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லையாம். வீட்டிலேயே செத்ததை மறைக்க, சட்டை மாட்டி உட்காரவைத்து அனுப்பினாளாம் அந்த ஓனரம்மா. டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டு, வீடு பார்க்க வந்தவர்கள் பாதி வழியிலேயே திரும்பினார்கள். உள்ளே வந்தவர்களும் சுவரைப் பார்த்தார்கள், மூலையைப் பார்த்தார்கள், போன் பண்றோம் என்று சொல்லிப் போனார்கள். முப்பிடாதி பெண்சாதியைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பினான். குழந்தை பிறந்ததும், மாமியார் ஒப்பவில்லை அக்கா, தப்பா நெனச்சுக்கிடாதிய என்று அவனும் காலி செய்தான். எவனுக்காக ஒரு மனுஷனை வெளியே அனுப்பினாளோ அவனே போய்விட்டான். இரண்டு போர்ஷனும் பூட்டிக் கிடந்தது. ஃபைனான்ஸ் கம்பெனிக்காரன் போன் செய்வதை விட்டுவிட்டு நேரில் வர ஆரம்பித்தான்.

கடைசியில் டில்லிபாபு ஒரு பார்ட்டியைப் பிடித்தான். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் வேலை செய்கிறவன், பெண்சாதி, அவனுடைய அப்பா. வீடு பிடித்திருக்கிறது, ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு முடிவு தெரியவேண்டும் என்றார்களாம்.

"அந்த மீன்காரம்மாவையே வந்து சொல்லச் சொல்லு யக்கா. பொண்டாட்டிகாரி சொன்னா எவன் மறுத்துப் பேசுவான்?"

கேட்டதும் ஃப்ளோரன்ஸ் அவனை அடிக்கப் போனாள். அடுத்த நாள் காலையில் மார்க்கெட்டில் பவானியின் கூடைக்கு முன்னால் போய் நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்த பவானி மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஃப்ளோரன்ஸ் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு நாலு தடவை குழறியது. பவானி கூடைமேல் ஈரச் சாக்கைப் போட்டாள்.

"ஞாயித்துக்கெயம வரேன்க்கா. அன்னிக்கி யாவாரம் சீக்கிரம் முடிஞ்சிடும்."

வந்தாள். சொன்னபடி வந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தான் குடியிருந்த அறையின் நடுவில், அந்தப் புது ஆட்கள் முன்னால் நின்றாள். ஜன்னலையோ கட்டில் கிடந்த இடத்தையோ ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"எங்கம்மா செத்தாரு?" துணிக்கடைக்காரன் சங்கடத்தோடுதான் கேட்டான்.

"எண்ணூர் ரோட்டுல. ஆட்டோவுல. ரெண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவுல."

"இந்த வூட்ல இல்லல்ல?"

"இல்ல. எங்கள இங்கேர்ந்து அனுப்பிட்டாங்க. உசுரோடதான் போனாரு. இந்த வூடு சுத்தம்."

அவன் பெண்சாதிக்கு முகம் தெளிந்துவிட்டது. சமையல்கட்டைப் பார்க்க உள்ளே போனாள், இங்கே மிக்சி வைக்கலாம், அங்கே பீரோ என்று அவள் பேசுவது கேட்டது. டில்லிபாபு ஃப்ளோரன்ஸைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அப்போது படியில் உட்கார்ந்திருந்த கிழவர், துணிக்கடைக்காரனின் அப்பா, இருமினார். அடிவயிற்றிலிருந்து இழுத்து, நடுவில் நின்று, மறுபடி பிடித்துக்கொள்ளும் இருமல். அந்த இருமலை ஃப்ளோரன்ஸுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கியிருக்கிறாள்.

இன்னொருவர் இங்கே படுப்பார். இன்னொருவருக்குக் கஞ்சி வைப்பாள். அப்புறம் ஒருநாள் முக்காட்டோடு இந்த வாசலில் வந்து நின்று, காற்று வரும், சௌகரியம் என்பாள். சொல்லமாட்டேன் என்று இனிமேல் எந்த மாதாவிடம் ஆணையிடுவது? சொல்லுவாள். அது அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

"பெரியவரே, உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

கேட்டுவிட்டாள். வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்த பவானி அப்படியே நின்றாள். கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"எனக்கின்னாம்மா ஊரு? பொறந்தது வளந்தது எல்லாம் வண்ணாரப்பேட்டதான்."

ஃப்ளோரன்ஸ் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சிக்குங்க. டில்லிக்குத் தெரியாது. வேற ஒர்த்தரு ஏற்கெனவே கேட்டுவெச்சிகீறாங்க."

சமையல்கட்டில் பேச்சு நின்றது. பவானி இன்னொரு காலிலும் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்தாள்.

"போறேன்க்கா" என்றாள்.